மாகாண மட்டத்தில் கடைசியாக வந்த பிள்ளையிடம் என்ன பேசுவது?

தலவாக்கலை மாமா:

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகளைப் பற்றிக் கேட்க வேண்டும். வயது 15, தோட்டப் பாடசாலையில் படிக்கிறாள். 16 வயதுக்குட்பட்ட பெண்கள் 1500 மீற்றரில் வலய மட்டத்தில் முதலாவதாக வந்து மாகாணத்துக்குத் தெரிவானாள். எங்கள் தோட்ட டிவிசனிலிருந்து அதுவரை போனவர்கள் குறைவு. அதனால் ஊரே சேர்ந்து அனுப்பி வைத்தது. கோயிலில் அர்ச்சனை, வேனுக்கு ஆளாளுக்குக் காசு. பக்கத்து லயத்து அக்கா தன் மகளுடைய ஸ்பைக்ஸ் சப்பாத்தைக் கொடுத்தார்.

கண்டியில் கடைசியாக வந்தாள். அவளுக்கு முன்னால் முடித்த பிள்ளைக்கும் இவளுக்கும் நடுவே பெரிய இடைவெளி. ஆனால் நடுவில் நிற்கவில்லை, ஓடி முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அதன் பிறகு மைதானப் பக்கமே போகவில்லை. பி.டி. டீச்சர் கூப்பிட்டால் கால் வலி என்கிறாள். அக்கா "பிள்ளை அழுதது போதும், விடு" என்கிறார். மச்சான் "நம்ம பிள்ளைகளுக்கு வலயம் வரைக்கும்தான்" என்கிறார், அதுவும் பிள்ளையின் காதில் விழும்படி. "தோல்விதான் வெற்றிக்கு முதல் படி" என்று நான் ஆறுதல் சொல்லப் போனால், "எத்தனை படி மாமா?" என்று திருப்பிக் கேட்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பிய பெற்றோர், பயிற்றுநர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்:

தம்பி, எத்தனை படி என்று கேட்கிற பிள்ளை ஓட்டத்தை இன்னும் விடவில்லை. விட்டவள் கேட்கவே மாட்டாள். பயப்படாதீர்கள்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். வலயத்தில் அவளுடைய நேரம் என்ன, கண்டியில் என்ன? முதல் 400 மீற்றரை எத்தனை விநாடியில் ஓடினாள்? வேன் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, காலையில் என்ன சாப்பிட்டாள்? அந்தச் சப்பாத்து அவளுடைய கால் அளவா? பாடசாலையில் ஓடுவது 200 மீற்றர் பாதையா, 400 மீற்றர் பாதையா? யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் எப்படியாவது தேடிப் பிடியுங்கள்.

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், கடைசி என்று மட்டும்தான் இப்போது அவளுக்குத் தெரியும். ஏன் கடைசி என்று ஒருவரும் சொல்லவில்லை. பெரியவர்கள் காரணம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஒன்றைத் தேடிக்கொள்வார்கள். அந்த வயதில் அகப்படுகிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "என்னால் ஏலாது." மச்சானும் அதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். நல்ல ஓட்டக்காரப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் கை நழுவிப் போனார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஹப்புத்தளைக்காரி:

நான் பாடசாலைக் காலத்தில் 800 ஓடியவள். எங்களுக்கு மாகாணப் போட்டி பதுளையில் நடக்கும். எங்கள் அணியில் ஒருத்தி மூன்றாமிடம் வந்த அன்று நான் எட்டாமிடம். திரும்பி வரும்போது டீச்சர் பண்டாரவளையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். பதக்கம் வாங்கியவளுக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு, ஒரே பேச்சு. போட்டியைப் பற்றி அன்று ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை மைதானத்தில் வைத்துத்தான் கேட்டார்: "கடைசி 200இல் உன் கை எப்படி வீசினாய்? ஓடிக் காட்டு." ஓடிக் காட்டினேன். களைத்ததும் என் இரண்டு கையும் நெஞ்சுக்குக் குறுக்கே போகின்றன, தோள் இறுகிக் காதுவரை ஏறுகிறது. எனக்கே தெரியாத விசயம். அப்புறம் அந்த மாதம் முழுக்கப் பயிற்சி முடிகிற நேரத்தில், களைப்பில் இருக்கும்போதே, கையைத் தளர்த்தி ஓடப் பழக்கினார். எட்டாமிடம் என்ற நினைப்பு போய், சரிசெய்ய ஒரு கை இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது.

அதனால் அண்ணா, இரண்டு விசயம். தோற்ற அன்று அலசாதீர்கள், சாப்பிட்டுத் தூங்கட்டும். அதே நேரம் பேசாமலே விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் வீட்டில் இப்போது அந்தப் பேசாமல் விடுவதுதான் நடக்கிறது என்று படுகிறது.

பொகவந்தலாவை அப்பா:

யாரும் கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு 15 என்றால் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வந்துவிட்டது. கணிதத்தில் சித்தியடையாமல் எத்தனை பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். என் மனைவி மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து எடுத்துத்தான் மகனை டியூஷனுக்கு அனுப்புகிறார். ஓட்டத்தில் தோற்றதைச் சரிசெய்ய இவ்வளவு பாடுபடுவதற்கு, அந்த நேரத்தைப் படிப்பில் போட்டால் பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கும். ஆயிரத்தில் ஒரு பிள்ளைதான் விளையாட்டால் மேலே வரும்.

கொட்டகலை டீச்சர்:

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓ.எல். கணிதத்தில் பிள்ளைகள் விழுவதை வகுப்பிலிருந்து பார்க்கிறவள் நான். ஆனால் அங்கேயும் நடப்பது இதே கதைதான். தவணைப் பரீட்சையில் 28 புள்ளி வாங்கிய பிள்ளை விடைத்தாளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, மடித்து மேசைக்குள் தள்ளிவிடும். எந்தக் கணக்கில், எந்த வரியில் பிழைத்தது என்று உட்கார்ந்து பார்த்தால் அடுத்த தவணையில் 40 வாங்கலாம். பார்க்கிற தைரியம் எங்கேயாவது பழகித்தான் வரும். இந்தப் பிள்ளை அதை மைதானத்தில் பழகினால் கணிதத்துக்கும் உதவும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, பாராட்டுவது பற்றி. 1998இல் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு புதிர்த்தாளைக் கொடுத்துவிட்டு, சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். அப்புறம் எல்லோருக்கும் கடினமான தாள் ஒன்று. எல்லோரும் அதில் சறுக்கினார்கள். அதற்குப் பிறகு கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் சலித்தார்கள், அடுத்த தாளில் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். மற்றப் பிள்ளைகளிடம் எத்தனை புள்ளி என்று சொல்லும்போது கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். வலயத்தில் வென்றதும் "நீ பிறவி ஓட்டக்காரி" என்று ஊரே தூக்கி வைத்திருந்தால், கண்டியில் விழுந்தது அந்தப் பட்டமும் சேர்த்துத்தான். மாமா அதையும் யோசியுங்கள்.

கண்டி ரசிகன்:

நம் ஆட்களுக்கு வலயம் வரைக்கும்தான் என்று சொல்கிற மச்சானுக்கு நம் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனைக் காட்டுங்கள். கண்டியில் பிறந்த மலையகத் தமிழ்ப் பிள்ளை. பாடசாலையில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்தவரை 14 வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோதான் சுழலுக்கு மாற்றினார். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். இருப்பவற்றில் பெரிய மைதானம் ஒன்றில், பெருங்கூட்டத்தின் முன்னால், பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை நோ போல் கொடுத்தார். அந்த வயதில் அதைவிடப் பெரிய அவமானம் என்ன வேண்டும்? 2010இல் காலியில் 800 விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மனவுறுதி இருந்தால் எல்லாம் வரும்.

நோர்வூட் வொலிபோல் கோச்:

முரளி எனக்கும் உயிர். ஆனால் கதையைப் பாதியில் விடக் கூடாது. மெல்பேர்ணில் அணித்தலைவர் அர்ஜுன அவர் பக்கம் நின்றார், கிரிக்கெட் சபையும் நின்றது. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவருடைய கையைச் சோதித்தார்கள். முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது, பார்வைக்கு எறிவது போலத் தெரிகிறது என்று கண்டார்கள். பி.டி. மாஸ்டர் கேட்பதும் இதைத்தான், என்ன நடந்தது என்று அளந்து பார். மனவுறுதியை மட்டும் சொல்லிவிட்டு, சுற்றி நின்ற ஆட்களை விட்டுவிட்டால், நம் பிள்ளைகளிடம் மனவுறுதி இல்லை என்று ஆகிவிடும். அது பொய்.

முரளிக்கு பிஸ்கட் தொழில் செய்த அப்பா இருந்தார், கண்டியில் பெரிய பாடசாலை இருந்தது, சனிக்கு சனி ஆட்டம் இருந்தது. இந்த வாரம் அடி வாங்கினால் அடுத்த வாரம் இன்னொரு அணிக்கு வீசலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வருடத்தில் ஓர் இல்ல விளையாட்டுப் போட்டி, கோட்டம், வலயம். வலயத்தில் விழுந்தால் அடுத்த வருடம்தான். அதற்குள் வயதுப் பிரிவு மாறிவிடும், அல்லது பிள்ளை பாடசாலையை விட்டே போயிருக்கும். தோல்வியிலிருந்து படி படி என்கிறோம். படித்ததைச் செய்து பார்க்க இன்னோர் ஓட்டம் எங்கே இருக்கிறது? அந்த ஓட்டத்தை நாம் உண்டாக்கிக் கொடுக்காவிட்டால் மற்றப் பேச்செல்லாம் வீண். இதை எத்தனையோ கூட்டத்தில் சொல்லிவிட்டேன். சான்றிதழ் அடிக்கக் காசு இருக்கிறது, சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஓடவிட ஆள் இல்லை.

டிக்கோயா நேர்ஸ்:

மாமா, பிள்ளையின் ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? 12க்குக் குறைவாக இருந்தால் இரத்தச்சோகை. அந்த நிலையில் 1500 ஓடுவது கல்லைச் சுமந்துகொண்டு ஓடுவது மாதிரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினால் சோதிப்பார்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். கீரை, பருப்போடு கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும்.

13, 14, 15 வயதில் பெண் பிள்ளைகளுக்கு உடம்பு மாறும். இடுப்பு அகலும், எடை கூடும், ஓட்ட நேரம் சில காலம் அப்படியே நிற்கும், சிலருக்குப் பின்னாலும் போகும். இது தற்காலிகம் என்று யாரும் சொல்லாததால் "நான் முடிந்து போனேன்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். டீச்சரோ அம்மாவோ சொல்ல வேண்டிய விசயம் இது.

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. 2016 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் அளவில். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது வளர்ந்து மைதானத்தில் நிற்கிறார்கள். "நம்ம பிள்ளைகளுக்கு அவ்வளவுதான்" என்பது பிறவியில் வந்தது அல்ல, தட்டில் வந்தது. தட்டை மாற்றலாம்.

தலவாக்கலை மாமா:

எல்லோருக்கும் நன்றி. வீடியோ கிடைத்தது, வேனில் வந்த தம்பி ஒருவன் எடுத்திருந்தான். மாஸ்டர் சொன்னபடி நேரம் குறித்தேன். முதலில் நான் மட்டும் பார்க்க நினைத்தேன், பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு போனை வாங்கித் தானே நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

வலயத்தில் 5 நிமிடம் 25 விநாடி. கண்டியில் 5 நிமிடம் 40. முதல் 400 மீற்றர் 76 விநாடி, இரண்டாவது 94, மூன்றாவது 99, கடைசி 300 மீற்றர் 71. பாடசாலையில் 200 மீற்றர் புல் பாதை, அதுவும் ஒரு பக்கம் சரிவு. 400 பாதையில் அன்றுதான் முதல் முறை. சப்பாத்து ஒரு சைஸ் பெரியது, நுனியில் துணி வைத்திருந்தாள். வேன் விடியற்காலை 3 மணிக்குப் புறப்பட்டது. வாந்தி வரும் என்று பயந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல் சுற்றில் நான் மூன்றாவதாகத்தான் மாமா போனேன்" என்றாள். வீடியோவில் பார்த்தால் உண்மை, மூன்றாவது. கண்டிப் பிள்ளைகள் வேகமாகப் புறப்பட்டதும் விட்டுவிடக் கூடாது என்று கூடவே போயிருக்கிறாள். அது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் இருக்கவில்லை, முடிவு மட்டும்தான் ஞாபகம்.

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்:

இப்போது பேசலாம். 5.25 ஓடுகிற பிள்ளை ஒரே சீராக ஓடினால் 400 மீற்றருக்கு 87 விநாடி அளவில் வரும். இவள் 76இல் போயிருக்கிறாள். 11 விநாடி அதிக வேகம். வெறும் வயிறு, தூக்கமில்லை, பெரிய சப்பாத்து. இதற்கு மேலும் ஓடி முடித்திருக்கிறாள் என்றால் அந்தப் பிள்ளையின் நெஞ்சுரத்தை நான் வணங்குகிறேன். அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள், கூடவே 76 பிழை என்பதையும் சொல்லுங்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம்.

200 பாதையில் பழகியவர்களுக்கு 400 பாதையில் வேகக் கணக்கு தவறும். வளைவு வரும் என்று உடம்பு எதிர்பார்க்கும், வராது, நேர்பாதை நீண்டுகொண்டே போகும். அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் 200 பாதையில் 50 மீற்றருக்கு ஒரு கம்பு நடுங்கள். ஒருவர் மணிக்கூட்டோடு நின்று 11 விநாடிக்கு ஒரு விசில் ஊத வேண்டும். விசில் கேட்கும்போது அவள் கம்பருகே இருக்க வேண்டும். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. முதலில் இரண்டு சுற்று, பிறகு மூன்று, நான்கு. சில வாரங்களில் விசில் இல்லாமலே காலுக்கு வேகம் தெரிந்துவிடும். அடுத்த போட்டியில் முன்னால் யார் பறந்தாலும் அவள் தன் 87இல் போவாள்.

நாளைக்கு அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போகிற நிலை வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளிரில் வளர்ந்த பிள்ளைகள் சுகததாச அரங்கின் புழுக்கத்தில் நீண்ட தூரம் ஓடினால் உடம்பு தாங்காது. சூட்டுக்குப் பழக உடம்புக்குப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். முதல் நாள் இரவு இறக்கிவிட்டு மறுநாள் ஓடச் சொல்கிறோம், தோற்றதும் பயந்துவிட்டாள் என்கிறோம்.

இராகலை புது டீச்சர்:

இடையில் ஒன்று கேட்கிறேன், மன்னிக்கவும். 4 தர 100 அஞ்சல் ஓட்டத்தில் எங்கள் மூன்றாவது பிள்ளை கைமாற்றும் கோலைத் தவறவிட்டாள். மற்ற மூன்று பேரும் அவளோடு பேசுவதில்லை. என்ன செய்வது?

நோர்வூட் வொலிபோல் கோச்:

டீச்சர், கோல் மாறுவது இரண்டு கைகளுக்கு நடுவே. தவறவிட்டது அவள் மட்டும் என்று முடிவெடுத்ததே பிழை. கொடுத்தவள் எங்கே இருந்தாள், வாங்கியவள் எப்போது ஓடத் தொடங்கினாள் என்று பாருங்கள். மாற்றும் வலயம் இப்போது 30 மீற்றர் என்று நான்கு பேருக்கும் சரியாகத் தெரியுமா? அமெரிக்க ஆண்கள் அணி 2008 பீஜிங்கில் கோலைக் கீழே போட்டது. 2016 ரியோவிலும் 2024 பாரிஸிலும் கோல் மாற்றியதில் பிழைத்து நீக்கப்பட்டது. உலகத்தின் வேகமான கால்கள் அவை. இது தனியாகப் பழக வேண்டிய வேலை. நான்கு பேரையும் இடம் மாற்றி, எல்லோரும் கொடுக்கவும் வாங்கவும் பழகட்டும். ஆளுக்கு ஒரு தடவை விழும், அப்போது தானாகப் பேசிக்கொள்வார்கள்.

தலவாக்கலை மாமா, நீங்கள் தயார் என்றால் ஒரு வேலை செய்வோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளைக் கூட்டி ஓடவிடுவோம். பதக்கம் வேண்டாம், விருந்தினர் வேண்டாம், மேடை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி, அதில் அன்றைய நேரம். போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

பொகவந்தலாவை அப்பா:

இது நல்ல யோசனை. ஞாயிறு காலை 10 மணிக்கு மகனுக்கு டியூஷன். அதற்கு முன் முடிந்தால் அனுப்புகிறேன். ஓ.எல். பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

தலவாக்கலை மாமா:

7 மணிக்குத் தொடங்கினால் 9க்கு முடித்துவிடலாம். மைதானத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்க வேண்டும், நாளைக்கு எழுதுகிறேன். மச்சானிடம் கம்பு வெட்டித் தரக் கேட்டேன். "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். 200 மீற்றருக்கு நான்கு போதும்தானே மாஸ்டர்?

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்:

நான்கு போதும். பாதையை நாடா வைத்து அளந்து நடுங்கள், காலடியில் எண்ண வேண்டாம். உள்கோட்டிலிருந்து 20 சென்றிமீற்றர் தள்ளி அளக்க வேண்டும். மணிக்கூடும் விசிலும் நான் கொண்டு வருகிறேன். பிள்ளைகளைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், ஓடுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்.